செல்லாக் காசு

சாலையில் முந்திப் போகும் உரிமையை விலைக்கு விற்கலாமா?

இதை வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. அமெரிக்காவில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. கூட்டம் கூடினால் ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. கலிபோர்னியாவில் ஸான்டியாகோ நகரத்துச் சாலை ஒன்றில் 1998-லேயே ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் விலையை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். நம் காய்கறிக்காரிகூடப் பொழுது சாயும் வரையாவது பொறுப்பாள்!

ஆனால் என் மனத்தை உறுத்துவது விலை அல்ல. விற்கப்பட்ட இடம் முன்பு யாருக்காக ஒதுக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

வாஷிங்டனுக்குத் தெற்கே, வர்ஜீனியா மாநிலத்தில், ஷெர்லி நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறது. 1969-ல் அதில் பஸ்களுக்கென்று தனித் தடம் அமைத்தார்கள். 1973-ல், பெட்ரோல் நெருக்கடியின்போது, நான்கு பேராவது சேர்ந்து வரும் கார்களையும் அந்தத் தடத்தில் விட்டார்கள். பின்னால் நான்கு மூன்றாகக் குறைந்தது. அலுவலக நேரத்தில் தனியாக வருகிறவர் கோடீஸ்வரராகவே இருந்தாலும் பக்கத்துத் தடத்தில் ஊர்ந்துதான் போகவேண்டும்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான பழக்கம் பிறந்தது. கார் வைத்திருப்பவர்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டார்கள். ஏறுகிறவருக்கு இலவசப் பயணம். ஓட்டுகிறவருக்கு விரைவுத் தடம். காசு கைமாறுவதில்லை. ஓட்டுகிறவர் பேச்சுக் கொடுத்தாலொழிய ஏறியவர் வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இப்படிக் காத்து நிற்பவர்களுக்கு ‘ஸ்லக்’ என்று பெயர். பஸ் உண்டியலில் போடும் போலிக் காசுக்கும் அதே பெயர். பஸ்ஸுக்கு நிற்பவர்போல நின்று காரில் ஏறிப் போனதால் டிரைவர்கள் வைத்த பெயர் என்பார்கள். நம் பேச்சில் சொன்னால், செல்லாக் காசு.

கதை எழுதுகிறவன் என்பதால் அந்தக் காருக்குள் இருக்கும் மௌனம் என்னைக் கவர்கிறது. அதில் அன்பு நிறைந்திருந்தது என்று நான் சரடு விடமாட்டேன். இரு தரப்பிலும் சுயநலந்தான். ஆனால் அந்தச் சுயநலம் இன்னொரு மனிதனின் வாசலுக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. அவனில்லாமல் அதனால் ஒரு மைல்கூட விரைந்து ஓட முடியவில்லை. இது சிறிய விஷயமா?

2014 டிசம்பரில் அந்த வழியின் தென்பகுதியும், 2019 நவம்பரில் தலைநகரை ஒட்டிய பகுதியும் கட்டணத் தடங்களாயின. மூவர் சேர்ந்து வந்தால் இலவசம் என்ற சலுகையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அந்த நேரத்து விலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ஒரே பூட்டுக்கு இரண்டு சாவிகள்: ஒன்று மனிதன், மற்றொன்று பணம்.

‘பணக்காரனுக்கு ஒரு வழி, ஏழைக்கு ஒரு வழியா?’ என்று கொதிப்பது சுலபம். தர்ம தரிசனத்தையும் கட்டண தரிசனத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கொதிப்பு பழகிப்போனதுங்கூட. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் திணறிக்கொண்டிருக்கப் பக்கத்திலேயே ஒரு தடம் பாதி காலியாகக் கிடப்பதும் தர்மமாகாது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதாரப் பேராசிரியர், வாஷிங்டன் சாலைகளுக்கு நெரிசலுக்கேற்ற கட்டணம் விதிக்கலாம் என்று 1959-லேயே யோசனை சொன்னார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காசாகக் கொடுக்காததை ஜனங்கள் நேரமாகக் கொடுத்துத் தொலைக்கிறார்கள், அது யாருக்கும் போய்ச் சேராமல் புகையாகிறது என்பதுதான் இந்த வாதத்தின் சாரம். மறுப்பது கஷ்டம்.

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கிறேன். மாலையில் தாமதமானால் அபராதம். அதைவிடக் குழந்தையின் அழுகை. அன்று ஒருநாள் ஐந்து டாலர் கொடுத்து அவள் விரைந்து போகட்டுமே! தடுக்க நான் யார்? ஆனால் அதே தாயால் வாரத்தில் ஐந்து நாளும் கொடுக்க முடியாது. விலைப் பலகைக்கு அவசரம் தெரியாது, பணப்பைதான் தெரியும். 2017 டிசம்பரில், வாஷிங்டனுக்கு மேற்கேயுள்ள 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் இந்த முறை வந்த முதல் வாரத்திலேயே விலை 40 டாலரைத் தொட்டது. ஒரே கூச்சல். முன்பு அந்த நேரத்தில் தனியாக வருவோருக்கு அங்கே பொதுவாக அனுமதியே இல்லை, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். சரிதான். அந்தப் பணத்திலிருந்து பஸ் முதலிய பொதுப் போக்குவரத்துக்கும் உதவி போனது. அந்த அளவில் எனக்கும் சமாதானமே.

எனக்குச் சமாதானமாகாத இடம் வேறு. தலைநகரைச் சுற்றியோடும் பெல்ட்வே சாலையில் 2012-ல் புதிதாகக் கட்டணத் தடங்களைத் திறந்தார்கள். கட்டி நடத்துவது தனியார் கம்பெனி. சேர்ந்து வருகிறவர்களுக்கு அங்கேயும் இலவசந்தான். ஆனால் அந்த இலவசக் கார்கள் ஓர் அளவுக்கு மேல் பெருகிவிட்டால் மாநில சர்க்கார் கம்பெனிக்கு ஈடு கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்தக் காரியத்தைச் செய்யுங்கள் என்று 1973-ல் ஜனங்களை வேண்டிக்கொண்டார்களோ, அதே காரியம் அளவுக்கு மீறினால் நஷ்டக் கணக்கில் ஏறிவிடும்! பணத்தை ஒரு சாவியாக அனுமதிப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். மற்றச் சாவி துருப்பிடித்தால் லாபமடைகிற ஒருவனிடம் பூட்டையே ஒப்படைப்பதை எப்படிப் பொறுப்பது?

2020-ல் கொள்ளை நோய் வந்து அலுவலகங்கள் மூடியபோது செல்லாக் காசுகளின் வரிசைகளும் கலைந்தன. பிறகு மெல்ல மெல்லத் திரும்பின. அங்கே மூவராக வருகிறவர்கள் கண்ணாடியில் ஒட்டியுள்ள சிறு பெட்டியில் ஒரு விசையைத் தள்ளி வைத்து, ‘நாங்கள் சேர்ந்து வருகிறோம்’ என்று தெரிவிக்கவேண்டும். தள்ள மறந்தால், காருக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும், தனியாக வந்தவருக்குரிய கட்டணத்தை அது பிடித்துக்கொள்ளும்.