கழிவு

வியாபாரத்தில் 'கழிவு' என்ற சொல் படும் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? தறியிலிருந்து அறுத்துப் போட்ட நூலும் கழிவுதான். பண்டிகை நாளில் ஜவுளிக் கடைக்காரர் விலையில் குறைத்துத் தருவதும் கழிவுதான். ஒன்றைத் துடைப்பத்தால் ஒதுக்குகிறோம். மற்றொன்றுக்காகக் கடை வாசலில் காத்து நிற்கிறோம்.

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் தறிகளின் ஊர். தறி இருக்கும் இடத்தில் அறுந்த இழைகளும் சிக்கல் நூலும் சேராமல் இருக்குமா? நெசவாளிக்கு அது கழிவு. அதையே லாரிப் பட்டறையில் 'வேஸ்ட்' என்று பெயரிட்டு, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எண்ணெய்க் கையைத் துடைக்கப் புத்தம் புதிய நூற்கண்டு எதற்கு? ஊரைச் சுற்றியுள்ள காடுகளுக்குப் போனால் குப்பை என்பது எருவின் பெயர். குடியானவரிடம், "உங்கள் குப்பை நல்ல குப்பை" என்றால் மகிழ்ந்து போவார். ஜவுளிக் கடையில் அதைச் சொன்னால் சண்டை வரும்.

ஆங்கிலத்தில் 'ஜங்க்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் கப்பலில் நைந்துபோன பழங்கயிற்றைத்தான் குறித்தது. அந்தக் கயிற்றையும் எறிந்துவிடவில்லை. நாராகப் பிரித்து, மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாதபடி திணித்தார்கள்.

அப்படியானால் உதவாத பொருள் என்று உலகத்தில் எதுவுமே இல்லை, எல்லாம் வாங்குகிறவன் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேதாந்தம் மோசடிக்காரனுக்கு மிகவும் வசதியானது.

சென்னையில் 1985-ல் தீக்கு இரையான மூர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடம். பழைய புத்தக வியாபாரி எடைக்கு வாங்குகிறார். புத்தகத்தின் பெயர் பார்த்து விற்கிறார். வாங்கும்போது காகிதம், விற்கும்போது இலக்கியம்! இதில் அநியாயம் உண்டா? பெரும்பாலும் இல்லை என்றே நினைக்கிறேன். மூட்டையைப் பிரித்து, தூசி தட்டி, தரம் அறிந்து, அதைத் தேடி வருகிறவனுக்காக மாதக் கணக்கில் காத்திருக்கிறாரே, அந்த உழைப்புக்கும் அறிவுக்கும் கூலி வேண்டாமா?

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். நெய்து கொடுத்த வேட்டியில் ஓரிடத்தில் இழை விட்டுப் போயிருக்கிறது. "இது கழிவு" என்று சொல்லி வியாபாரி நெசவாளியின் கூலியில் பிடித்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே வேட்டியைக் குறை வெளியே தெரியாமல் மடித்து, "முதல் தரம்" என்று முழு விலைக்கு விற்கிறான். நடுவில் அவன் செய்த வேலை என்ன? ஓர் இழையைச் சேர்த்தானா? பெயரை மட்டுந்தான் மாற்றினான். நெசவாளியிடம் ஒரு பெயர், வாங்குகிறவரிடம் ஒரு பெயர். நஷ்டம் அவர்கள் இருவருக்கு. லாபம் இவன் ஒருவனுக்கு.

"குறையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். ஏன் நடக்காது? கையில் காசு குறைந்தவர், "ஓரத்தில் ஓர் இழைதானே, போகட்டும்" என்று குறைந்த விலைக்குச் சந்தோஷமாக வாங்கிப் போவார். குறையை மறைக்கிறவன் அந்த ஏழைக்கு நியாயமாகச் சேர வேண்டிய மலிவையும் சேர்த்தே திருடுகிறான்.

சட்டம் இதில் ஓரளவுதான் துணைக்கு வரும். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவரைப் பொதுவாகக் குற்றம் சொல்ல முடியாது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ல் அதன் இடத்துக்கு வேறொரு சட்டம் வந்தது. முறையிட வழி பிறந்தது, நல்லதுதான். ஆனால் நூறு ரூபாய் வேட்டிக்காக வழக்காட யார் போவார்? அந்த இடத்தில் மனச்சாட்சிதான் காவல். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய பேச்சை நடுவுநிலைமை என்ற அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருளாக எண்ணச் சொன்னார். நெசவாளியின் துணியைத் தன் துணியாக எண்ணுகிறவன் அதில் இல்லாத குறையைச் சொல்வானா? வாங்குகிறவரின் காசைத் தன் காசாக எண்ணுகிறவன் இருக்கிற குறையை மறைப்பானா?

கழிவை விற்பதில் பாவம் இல்லை. பழையதை, உடைந்ததை, குறையுள்ளதை வாங்கி விற்கிறவர்களால்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. வாங்கும்போது ஒரு பொருளுக்கு என்ன பெயர் சொல்லி விலையைக் குறைத்தோமோ, அதே பெயரை விற்கும்போதும் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். சொல்ல முடிந்தால் அது வியாபாரம். நாக்குக் கூசினால், கழிந்து போனது சரக்கு அல்ல.