மயிரும் மானமும்

மயிர் என்ற சொல்லைப் பெரியோர் முன்னிலையில் சொல்லக் கூசுகிறோம். ஆயினும் அப்பொருள் பெண்ணின் தலையில் இருந்தால் கூந்தல் என்கிறோம். அதன் நீளத்தைக் கொண்டு அவள் குலத்தையும் குணத்தையும் அளக்கிறோம். ஆணின் உதட்டின்மேல் இருந்தால் மீசை என்கிறோம்; முறுக்கிக் காட்டுகிறோம். அதுவே பெண்ணின் உதட்டின்மேல் நான்கு இழை அரும்பிவிட்டாலோ, பெற்ற தாய் உறக்கம் இழக்கிறாள். பொருள் ஒன்று, இடத்துக்கு இடம் மதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை இயற்கை செய்ததா, மனிதர் செய்தனரா என்பதே யான் இங்கு எடுத்துக்கொண்ட வினா. “இதுவும் ஒரு விஷயமா?” என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள், தங்கள் வீட்டுப் பெண்மக்களை ஒருமுறை கேட்டுவிட்டுப் பின்னர் சுளிப்பாராக.

சென்ற ஆண்டு எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கலியாணம். (இவ்வூருக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டனர். பழைய மலாய்ப் பெயருக்குத் தொங்கும் தண்டு என்பது போலப் பொருள் வருகிறது, அது காதுக்கு ஆபாசமாகப் படுகிறது என்றே காரணம் சொல்லப்பட்டது. ஊரே நாணி, தன்மேல் உறுத்திய மயிரைக் களைந்துகொண்டது எனலாம். எனினும் எங்கள் வாயில் அது மீண்டும் மீண்டும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது.) அக்கலியாணத்துக்கு என் அக்காள் மகள், வெயில் கொளுத்தும் நண்பகலில், மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை அணிந்து வந்திருந்தாள். பிறகுதான் செய்தி வெளிவந்தது. கலியாணத்தில் அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சிலர் வருவதாக இருந்தது. அதற்காக முந்தைய நாள் ஓர் அழகுக் கடையில் கைகளுக்கு மெழுகு போட்டுக்கொண்டாள். கடைக்காரர்கள் சூட்டைச் சோதித்துப் பாராமல் பூசிவிட்டனர். இரண்டு முன்னங்கைகளிலும் தோல் வெந்து கொப்புளம் கண்டுவிட்டது.

மெழுகு போடுதல் என்றால் என்னவென்று தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டியவர்கள் அனைவரும் அதை அறிவார்கள். முழங்கையில் தெறித்த பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மாலையில் லயத்துக்குத் திரும்பி அதை உரித்தால், அடிமயிரும் பிடுங்கிக்கொண்டு கூடவே வரும். ‘ஆ’ என்று கத்திவிட்டுக் குளிக்கப் போவோம். அதற்கு அன்று யாரும் காசு கேட்டதில்லை. இன்று அதே காரியத்தைப் பிசினும் மெழுகும் கலந்த உருக்காலோ, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகாலோ செய்கிறார்கள். மேற்காசியப் பெண்கள் சர்க்கரைப் பாகு முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். மயிர் வேரோடு வருவதால் மீண்டும் முளைக்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இதுவே மெழுகின் பெருமை. வலி, சூட்டுப் புண், மயிர்க்கால் சீழ் கட்டுதல், புது மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்தல் ஆகியவை அதன் சிறுமை. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்னும் மருந்து உண்பவர்கள் மெழுகை அணுகவே கூடாது. தோல் மயிரோடு சேர்ந்து உரிந்துவிடும். நீரிழிவு உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்வதும் தகாது.

சவரக் கத்தியோ மலிவு, வலியில்லை, இரண்டொரு நாளில் மறுபடி குத்தும். சிரைத்தால் மயிர் தடித்து வளரும் என்று நம் பாட்டிமார் அச்சுறுத்துவர். அது உண்மையன்று. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து மறுத்துவிட்டார். வெட்டுண்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குத் தடித்ததுபோல் படுகிறது, அவ்வளவே. களிம்புகள் மயிரின் புரதக் கட்டை இரசாயனத்தால் கரைப்பன. சிலருக்குத் தோலையும் புண்ணாக்குவன. நூலை முறுக்கிப் பிடுங்குவது புருவத்துக்கும் உதட்டுக்கும் ஏற்றது. கால் முழுவதற்கும் அம்முறையைக் கையாண்டால் பொழுது விடிந்துவிடும். லேசர் ஒளி மயிரிலுள்ள கருநிறத்தைச் சுட்டு வேரைத் தளர்த்துகிறது. ஆனால் நம்மவர் தோலிலும் அக்கருநிறம் நிறைய உண்டு. அதை அறியாத கையில் அகப்பட்டால் தோலே கருகும். கரிய தோலுக்கென்று 1,064 நானோமீட்டர் அலை கொண்ட கருவி தனியே இருக்கிறது. அதைத்தான் கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் பாய்ச்சும் முறையே நிலைத்த பயன் தருவது. பொறுமையும் பணமும் மிகுதியாக வேண்டுவது. முகத்தில் திடீரென்று மயிர் மிகுந்து, மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால், அழகுக் கடைக்கு முன்னே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது சுரப்பிகளின் கோளாறாக இருக்கக்கூடும்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், கைகால்களுக்குக் கத்தியே போதும் என்பேன். நிற்க.

இவற்றையெல்லாம் நிதானமாக எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க அச்சமற்ற உள்ளம் வேண்டுமல்லவா? அச்சம் குடியேறிய உள்ளம் எதையும் பூசிக்கொள்ளும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் கோரெம்லு என்றொரு களிம்பு விற்பனையாயிற்று. அதில் இருந்தது தாலியம். எலியைக் கொல்லும் நஞ்சு. அதைத் தடவிய பெண்களின் மயிர் உதிர்ந்தது உண்மையே. கூடவே நரம்பும் கண்பார்வையும் கெட்டன. அதற்குச் சிறிது முன்னர் எக்ஸ்-ரே கதிரை முகத்தில் பாய்ச்சி மயிரகற்றும் நிலையங்கள் அங்கே நடந்தன. போன பெண்கள் பலர் ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கியும் புற்றுநோய் கண்டும் திரும்பி வந்தனர். உதட்டு மயிரால் இறந்த பெண் உலகில் எவளுமில்லை.

“வெட்கம் பெண்ணுக்கு இயல்பு” என்பர் சிலர். இயல்பாயின் அதற்கு விளம்பரம் எதற்கு? 1915ஆம் ஆண்டில் ஜில்லெட் கம்பெனி பெண்களுக்கென்று தனிச் சவரக் கத்தி விற்கத் தொடங்கியது. கையில்லாச் சட்டை வழக்கத்துக்கு வந்த காலம் அது. அக்குள் மயிர் அதற்கு முன்பும் இருந்தது. அது அவமானம் என்று பத்திரிகை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் பழைய நூல்களிலும் மயிரகற்றும் முறை உண்டு. சுசுருத சம்ஹிதை சங்குச் சாம்பலையும் அரிதாரத்தையும் குழைத்துப் பூசச் சொல்கிறது. எதற்காக என்று பாருங்கள். மயிர் மூடியிருந்தால் புண் ஆறாது என்பதற்காக. வைத்தியன் கண்ட காரணம் அது.

“சுத்தத்துக்காக” என்பது அடுத்த வாதம். இச்சிலாங்கூரில் என் வலப்பக்கத்து வீட்டு மலாய் அன்பர், அக்குள் மயிரை நாற்பது நாளுக்குள் களைவது மார்க்கம் சொன்ன தூய்மை என்கிறார். இடப்பக்கத்துச் சீக்கிய அன்பர், ஒரு மயிரையும் தொடாதிருப்பதே குரு சொன்ன தூய்மை என்கிறார். இருவரும் நாள்தோறும் குளிக்கிறார்கள். இருவர் மேலும் நாற்றமில்லை.

பெண்ணின் மயிரைப் பற்றி நம் சமூகம் இட்ட கட்டளைகள் ஒன்றோடொன்று பொருந்தினவா என்றால், அதுவும் இல்லை. கணவன் இறந்தால் மனைவியின் தலையை மழிக்க வேண்டும் என்று உயர்குலத்தார் எனப்பட்டோர் விதித்திருந்தனர். கத்தி பிடித்தவர்களே அதை எதிர்த்தார்கள் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. 1890இல் பம்பாய் நாவிதர்கள், விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று லோகண்டேயின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். ஒருத்திக்கு மயிர் இல்லாமையை அவமானமாகச் சுமத்தியவர்கள், இன்னொருத்திக்கு மயிர் இருப்பதையே அவமானமாக்கினர்.

அக்காலம் போய்விட்டது என்பீர்கள். 2024ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாள் ஒரு மாணவி. அவள் படம் வெளிவந்தது. பல்லாயிரம் பேர் அவள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு உதட்டு மயிரை எண்ணினார்கள். இரண்டொரு மதிப்பெண் குறைந்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேனே என்று அக்குழந்தை நொந்துகொண்டாள். அவளுக்கு ஆறுதல் சொல்லுவதாகச் சவரக் கத்தி விற்கும் கம்பெனி ஒன்று முழுப்பக்க விளம்பரமும் செய்தது! எஸ்.பி.எம். தேர்வில் ‘ஏ’க்களை எண்ணிக்கொண்டிருக்கும் நம் தோட்டத்துப் பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் கற்ற பெண்கள் என்னிடம் சொல்லும் ஒரு வாதம் வலியது. அதை எளிதில் தள்ள முடியவில்லை. “எவருக்காகவும் அன்று, வழவழப்பாக இருப்பது எனக்கே பிடித்திருக்கிறது. என் உடல், என் பணம். இதிலும் ஆண்கள் வந்து தீர்ப்புச் சொல்வதா?” என்கிறார்கள். நியாயமே. மெழுகு போடாதே என்று கட்டளையிட எனக்கு உரிமையில்லை. போடு என்றவனுக்கும் இருந்ததில்லை. அவர்கள் முன் ஒரு சோதனையை மட்டும் வைக்கலாம். இரண்டு மாதம் எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள். அப்படியே வேலைக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், கலியாணத்துக்குப் போங்கள். இழந்தது ஒன்றுமில்லையானால் அது உங்கள் ரசனை. வேலையோ வரனோ மதிப்போ குறைந்தால், கடையில் மாதந்தோறும் நீங்கள் கொடுத்த வெள்ளி, யாரோ விதித்த வரி.

இதை என் அக்காள் மகளிடம் சொன்னபோது, புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்:

“மாமா, நீங்கள் ஏன் நாள்தோறும் சவரம் செய்துகொள்கிறீர்கள்?”

“பழக்கம், அம்மா.”

“உங்களுக்கே பிடித்திருக்கிறதா?”

யோசித்தேன். பதினெட்டு வயதில் தோட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தாடியோடு வந்தால் கணக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று பெரிய கிராணி சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் இறந்து முப்பது ஆண்டு ஆகிறது. அவளுக்கு விடை சொல்லாமல், மறுநாள் முதல் நானே சோதனையில் இறங்கினேன். இரண்டாம் நாள் மளிகைக் கடைக்காரர், உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். அன்று மாலையே பேருந்து நிறுத்தத்தில் ஒருவர், தைப்பூசத்துக்கு இப்போதே விரதமா என்றார். மூன்றாம் நாள் பழைய லயத்துத் தோழர் ஒருவர் வழியில் நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணே, வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்தது?” என்று தழுதழுத்தார்.

நான்காம் நாள் காலை, அக்காள் மகள் எழுந்திருக்குமுன் சவரம் செய்துகொண்டேன்.