தலைமைக்கு அணி நல்லொழுக்கம்



நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஒழுக்கமே பிறர் கண்ணுக்குப் புலனாவது. தலைமை ஏற்றவரிடத்தே உலகம் அதனை முதலில் தேடும்.

இருப்புப்பாதைச் சந்திப்பாகிய அரக்கோணத்தில் வாழும் நாம் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தைக் கட்டியவரோ வண்டியை ஓட்டியவரோ அல்லர் லால்பகதூர் சாஸ்திரி. எனினும் இரயில்வே அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அன்று இசையவில்லை. 1964இல் சாஸ்திரியே நாட்டின் பிரதமரானார்.

பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தால் பொன்னுக்கும் நிலத்துக்கும் எல்லை வகுக்கும் இல்லறத்தார், பதவிப் பற்றுக்கும் எல்லை வகுத்தல் வேண்டும்.

ஆலயப் பணிக்கும் சங்கப் பொறுப்புக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்குங்கால், தந்த நன்கொடையை மட்டும் பாராதீர். கேளாமலே கணக்குக் காட்டுவாரா, பிழை நேரின் பிறர்மீது சுமத்தாது முன்வந்து நிற்பாரா என்று பாருங்கள். நாம் யாரை முன்னிறுத்துகிறோம் என்பதைக் கண்டே நம் பிள்ளைகள் ஒழுக்கம் கற்பர்.

நல்லறம் தழைக்க!