இரண்டாவது கண்

2008 ஜூன். சித்தூர் வீட்டில் அலாரம் வைத்து இரவு இரண்டு மணிக்கு எழுந்தேன். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் எங்கள் திட்டத்துக்கு அப்போது இரண்டிலிருந்து காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் ஏறாது. செப்டம்பரில் வரவிருந்த 'ஸ்போர்' விளையாட்டிலிருந்து, பிராணிகளைச் செய்யும் கருவியை மட்டும் முன்கூட்டியே வெளியே விட்டிருந்தார்கள். இலவசப் பதிப்பில் உறுப்புகள் கால்வாசிதான். விடிவதற்குள் இறங்கிவிட்டது. அக்கா மகன் பல்கூடத் துலக்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

*

முதலில் ஒரு பிண்டம். கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவை உருட்டி வைத்தாற்போல. உள்ளே முதுகெலும்பு இருக்கிறது. மவுஸால் நுனியைப் பிடித்து இழுத்தால் கண்ணி கண்ணியாக நீளும், வளைந்துகொடுக்கும். கண், வாய், கை, கால் எல்லாம் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறது. எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

பையன் ஒரு கண்ணை எடுத்து இடது பக்கம் வைத்தான். வலது பக்கம் இன்னொன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் எதை வைத்தாலும் மறுபக்கமும் அது முளைக்கும். நடுக்கோட்டில் வைத்தால்தான் ஒன்றோடு நிற்கும்.

"மாமா, ஒண்ணு வெச்சா ஒண்ணு ஃப்ரீ" என்றான்.

தும்பிக்கை தேடினான், கிடைக்கவில்லை. முதுகெலும்பை முன்பக்கமாக இழுத்துத் தொங்கவிட்டான். பின்பக்கத்தையும் இழுத்துப் பாம்பு வாலாக்கினான். கீழே நாலு ஜோடிக் கால். காபி கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, காளத்தி முழுக்க ஒண்ணா நிக்குது?" என்றாள். ஸ்ரீ சிலந்தி, காளம் பாம்பு, அத்தி யானை. மூன்றும் பூசை செய்த ஊர் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அங்கே மூன்றும் ஊரின் பெயரில்தான் சேர்ந்தன. இவன் ஒரே உடம்பில் சேர்த்துவிட்டான்.

*

செய்ததை நடக்கவிட்டுப் பார்க்கலாம். எட்டுக் கால் இருக்கிறதே, எதை முதலில் எடுத்து வைக்கும் என்று பயந்துகொண்டே அழுத்தினேன். கொஞ்சம் தள்ளாடிவிட்டு நடந்தது. ஆடு என்றால் ஆடியது. குட்டியைக் கூப்பிட்டால் இதே சாயலில் ஒரு குட்டி வந்து நின்றது.

இப்படி ஒரு பிராணியை யாரும் முன்பு நடக்கவைத்துப் பார்த்ததில்லை. இதற்கென்று நடை வரைந்து வைத்தவர் எவருமில்லை. மாக்சிஸ் நிறுவனத்தில் வில் ரைட்டின் குழு செய்த காரியம் அதுதான். கிரிஸ் ஹெக்கர் போன்றவர்கள், எந்த உடம்பு வந்தாலும் அதற்கு ஏற்றபடி அசைவைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்படி எழுதினார்கள். 'சிம்சிட்டி' எழுதிய மனிதர் ஊரை விட்டுவிட்டு உயிரைப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதே மாதத்துக்குள் உலகம் முழுக்க மக்கள் செய்து அனுப்பிய பிராணிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படம். உடம்பின் செய்முறை முழுவதும் அந்தப் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். படத்தை இழுத்துக் கருவிக்குள் போட்டால் பிராணி எழுந்து நிற்கும். விதை மாதிரி.

*

செப்டம்பரில் முழு விளையாட்டு வந்தது. என்னைக் கேட்டால் கருவியே மேல். காலை எவ்வளவு நீளமாக இழுத்தாலும் வேகம் கூடாது. எந்தப் பாதத்தைப் பொருத்தினோம் என்பதைப் பொறுத்துத்தான் வேகம். கண்ணை நெற்றியில் வைத்தாலும் வாலில் வைத்தாலும் பலன் ஒன்றே. ஜூனில் இது தெரியாது. தெரியாமல் இருந்த அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தது.

*

திருமலைப் பாறை இடுக்குகளில் ஒரு பல்லி இருக்கிறது. ஆண் பல்லி பொன்மஞ்சள். காஞ்சி வரதர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தவர்களிடம் இது உயிரோடு மலையில் திரிகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். மதராஸ் படையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி 1870இல் இதை விவரித்து எழுதினார். பிறகு நூறாண்டுக்கு மேல் பேச்சில்லை. 1980களில் திருமலைக் காட்டில் மறுபடி கண்டார்கள்.

எனக்கு அதன் நிறத்தைவிட விரல்தான் பெரிது. ஒவ்வொரு விரல் நுனியிலும் இரண்டு தட்டையான பட்டை, சின்ன விசிறியை விரித்தாற்போல. விளையாட்டில் போல அல்ல, அந்த விரல் இருப்பதால்தான் செங்குத்துப் பாறையில் குடியிருக்கிறது. பாறை இருப்பதால்தான் அந்த விரல் என்றும் சொல்லலாம். எது முதல் என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

*

திருப்பதியிலிருந்து காளத்திக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். கலம்காரி எழுதுகிறவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே சுற்றிய கம்பளி. குச்சியைக் கரைசலில் தோய்த்து, விரலால் கம்பளியை அமுக்கினால் மை நுனிக்கு இறங்குகிறது. இரும்புத் துண்டும் வெல்லமும் நாட்கணக்கில் ஊறிய நீர் அது. துணியோ ஏற்கெனவே கடுக்காயும் பாலும் குடித்தது. இரண்டும் தொட்டவுடன் கறுக்கிறது. அழிக்க வழியில்லை. யாளியின் கண்ணுக்கு வந்தபோது அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு கண்ணை எழுதி முடித்து, மூச்சு விட்டு, குச்சியை மறுபடி தோய்த்து இன்னொன்றுக்குப் போனார். இரண்டும் துளி வித்தியாசம். நான் கவனித்ததை அவரும் கவனித்தார். "அப்படித்தான் பார்க்கும்" என்றார், தெலுங்கில்.

*

இந்த ஊரில்தான் வேடன் திண்ணன், ரத்தம் வழிந்த லிங்கத்தின் கண்ணில் தன் கண்ணைப் பறித்து அப்பினான். பெரியபுராணம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த கதை. முதல் கண்ணை எல்லோரும் சொல்கிறோம். லிங்கத்தின் மறு கண்ணிலும் ரத்தம் கண்டதும் வருகிற இரண்டாவதுதான் என் மனத்தில் ஓயாத இடம். அதையும் எடுத்துவிட்டால் எங்கே அப்புவது என்று தெரியாதே. அதனால் செருப்புக் காலைத் தூக்கி இடத்துக்கு அடையாளம் வைக்கிறான். அதுவரை பக்தன், அந்த நொடியில் வேலைக்காரன். இடம் தவறக்கூடாது என்ற ஒரே கவலை. சாமி மேல் காலை வைத்தோமே என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

*

போன வாரம் பரண் ஒழித்தபோது பழைய சிடி ஒன்று கிடைத்தது. பையனின் பிராணி அதில் படமாக இருக்கிறது. எழுந்து நடக்கவைக்கும் கருவி இந்தக் கணினியில் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். நீண்ட மூக்கு, பாம்பு வால், எட்டில் ஆறு கால் தெரிகிறது. பக்கவாட்டில் நிற்பதால் ஒரு கண்தான் இருக்கிறது.