ஆள் தேவைப்படும் நாட்டில் அடைக்கலம்

ஜப்பானில் குடியிருக்க ஆளில்லாத வீடுகள் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம். ஏழு வீட்டுக்கு ஒன்று காலி. 2008இல் 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை பிறகு சரிந்துகொண்டே வருகிறது. 2023இல் பிறந்த குழந்தைகள் ஏழேகால் லட்சம். இறந்தவர்கள் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதே ஆண்டில் அந்த நாடு அகதி என்று அங்கீகரித்தவர்கள் 303 பேர். விண்ணப்பித்தவர்களோ 13,000க்கும் அதிகம். இந்த 303கூட அதுவரை இல்லாத உச்சம்.

டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாகாணத்தில் இருக்கிறது கவாகுச்சி நகரம். துருக்கியிலிருந்து வந்த குர்து இனத்தவர் அங்கும் சுற்றுப்புறத்திலுமாக ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கிறார்கள். ஆண்களில் பலருக்குப் பிழைப்பு, பழைய வீடுகளை இடிப்பது. ஓட்டைப் பிரித்து, சட்டங்களைக் கழற்றி, மரம் வேறு, இரும்பு வேறு, கண்ணாடி வேறு என்று பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும். உடம்பை முறிக்கும் இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. ஆனால் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, தடுப்புக் காவலுக்கு வெளியே தற்காலிக விடுவிப்பில் இருக்கும் ஒருவர் எந்த வேலையும் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அவருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. மாகாண எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். துருக்கிக் குர்து ஒருவர் முதன்முதலில் அகதியாக ஏற்கப்பட்டதே 2022இல்தான். அதுவும் சப்போரோ உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு.

வெளிநாட்டவரே வேண்டாம் என்று ஜப்பான் சொல்லவில்லை. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம் போன்ற துறைகளுக்கென 2019இல் புதிய விசா ஒன்றைக் கொண்டுவந்தது. 2024 முதல் ஐந்தாண்டுகளில் அதன் வழியே 8.2 லட்சம் பேர் வரை எடுக்கத் திட்டமிட்டது. முதல் நிலை விசாவில் வருபவர் ஐந்தாண்டு வரை தங்கலாம். மனைவி மக்களை அழைத்துவர முடியாது. ஆக, வேலைக்கு வருபவருக்குக் கதவு திறக்கிறது, உயிருக்கு அஞ்சி வருபவருக்குத் திறப்பதில்லை. இது நியாயமா?

தங்களோடு யார் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இரைச்சல், குப்பை, வண்டி ஓட்டும் விதம் என்று கவாகுச்சிவாசிகள் சொல்லும் குறைகள் எல்லாமே வெறுப்பில் பிறந்தவையும் அல்ல. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பது இரு தரப்புக்கும் லாபம் தரும் ஒப்பந்தம். அடைக்கலமோ 1981இல் அகதிகள் உடன்படிக்கையில் இணைந்தபோது ஜப்பான் தானாக ஏற்றுக்கொண்ட கடமை. வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஒழுங்காகச் சம்பளம் தருகிறேன் என்பது, வாங்கிய கடனைத் திருப்பித் தராததற்குச் சமாதானம் ஆகாது.

அகதிகளுக்காக வாதாடுபவர்களிலும் பலர் ஒரு வசதியான வாதத்தைக் கையில் எடுக்கிறார்கள்: நாடு கிழடாகிறது, இவர்களை ஏற்றால் நமக்குத்தான் நல்லது என்று. இந்த வாதம் ஆபத்தானது. சிறையில் அடிபட்டு நடக்க முடியாமல் வந்தவரையும் எழுபது வயதுப் பாட்டியையும் இது கைவிட்டுவிடும். நாளை இயந்திரங்கள் அந்த வேலைகளைச் செய்யத் தொடங்கினால் அகதியின் உரிமை போய்விடுமா? காலி வீடுகளின் கணக்கு 'இடமில்லை' என்ற சாக்கை உடைக்க மட்டுமே உதவும். அடைக்கலம் கேட்கும் உரிமை அந்த மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்திலிருந்து வருவது.

உலக அகதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரைத் தாங்குவது ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளே. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் மட்டும் சுமார் பத்து லட்சம் ரோஹிங்கியாக்கள். ஐ.நா. அகதிகள் அமைப்புக்கு ஜப்பான் பெரிய அளவில் நிதி தருகிறது. டோக்கியோவில் ஒருவருக்கு ஆகும் செலவில் அங்கே பலருக்குச் சோறு போடலாம் என்பதும் உண்மை. அந்தக் கொடையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஏற்கெனவே தன் மண்ணில் வந்து நிற்பவரை ஆபத்துக்குத் திருப்பி அனுப்பாதிருக்கும் கடமையை எந்தத் தொகையாலும் இன்னொரு நாட்டுக்குக் கைமாற்ற முடியாது.

2021 மார்ச்சில் நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் 33 வயது இலங்கைப் பெண் ஒருவர் இறந்தார். மாணவியாக வந்து, விசாக் காலம் முடிந்ததால் அடைக்கப்பட்டவர். வாரக்கணக்கில் வாந்தியெடுத்து, மெலிந்து, தக்க சிகிச்சை கிடைக்காமலே போனார். எழுந்த கண்டனத்தில் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தை அரசு திரும்பப் பெற்றது. பெருமளவு அதே திருத்தம் 2023 ஜூனில் நிறைவேறிவிட்டது. மூன்றாம் முறை விண்ணப்பிப்பவரை, புதிய தக்க காரணம் காட்டாவிட்டால், விசாரணை முடியுமுன்பே நாடு கடத்த அது வழி செய்கிறது. விண்ணப்பிப்பவர்களில் இவ்வளவு சிலரை மட்டுமே அங்கீகரிக்கும் நாட்டில், இரண்டு முறை தள்ளப்பட்டவரெல்லாம் பொய்யர் என்று எப்படி முடிவுகட்டுவது?

இத்தனைக்கும் ஜப்பானுக்கு இது முடியாத காரியமல்ல. வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து 1978 முதல் 11,000க்கும் மேற்பட்டோரைக் குடியேற்றிய நாடு அது. 2022க்குப் பின் உக்ரைனியர் 2,000க்கும் மேற்பட்டோரை ஏற்று, தேவைப்பட்டவர்களுக்கு விமானப் பயணமும் வீடும் மொழி வகுப்பும் ஏற்பாடு செய்தது. இன்று அகதியா என்று பரிசீலிப்பதும் நாட்டைவிட்டு அனுப்புவதும் ஒரே குடிவரவு முகமையின் பொறுப்பில் இருக்கின்றன. முதலில் இந்த இரண்டையும் பிரித்து, பரிசீலனையைச் சுதந்திரமான அமைப்பிடம் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை கவாகுச்சியில் வீடு இடிப்பவர் சட்டப்படி கூலி வாங்கவும், காய்ச்சல் வந்தால் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனைக்குப் போகவும் வழி செய்ய வேண்டும்.