அடைத்த துளை

டிராக்டரின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை உண்டு. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச் இருக்கும் கூட்டின் அடிப்பகுதியில். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கிக்கொண்டிருக்கும். அது எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. வண்டி அதிரும்போது தானும் ஆடி, மண்ணும் பிசுக்கும் துளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாராகத் தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அப்பாவின் பழைய வண்டியிலும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்தத் துளையை நான் அடைத்தேன்.

கிளட்ச் காய்ந்திருக்க வேண்டிய பொருள். பிளேட் உராய்ந்து பிடித்தால்தான் இன்ஜினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். ஆனால் அதற்கு முன்னால் இன்ஜின் ஆயில், பின்னால் கியர் ஆயில். நடுவில் காவலுக்குப் பக்கத்துக்கு ஒரு சீல். சீல் தேய்ந்தால் எண்ணெய் கூட்டுக்குள் கசியும். கசிந்தது தேங்கி பிளேட்டில் படாமல் கீழே இறங்கிப் போகத்தான் அந்தத் துளை. அது வடிகால் மட்டுமல்ல, சேதியும்கூட. டீசல் வண்டியில் சொட்டு கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்துக் கசிவு. வெளிறி, தேன் நிறத்தில் இருந்தால் கியர் பாக்ஸ் பக்கம்.

எங்கள் வண்டியில் கறுப்பாகச் சொட்டியது. பட்டறை அண்ணன் உடனே முடிவுக்கு வரவில்லை. இன்ஜினின் பின்பக்கம் முழுக்க டீசல் விட்டுக் கழுவினார். மேலே டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து இங்கேதான் வந்து நிற்குமாம். ஆயில் அளவு கூடியிருக்கிறதா, பிரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்து, "பொளந்துதான் பாக்கணும் தம்பி" என்றார்.

பிளப்பது என்றால் நிஜமாகவே பிளப்பதுதான். 1917இல் ஃபோர்ட்சன் வந்த காலத்திலிருந்து இந்த வகை டிராக்டர்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. இன்ஜினும் கியர் பாக்ஸும் போல்ட் போட்டு இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாகிவிடும். கிளட்சைத் தொட வேண்டுமானால் ஸ்டியரிங், வயர், டீசல் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு பாதிக்கும் முட்டுக்கொடுத்து, வண்டியை இடுப்பில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சீலின் விலை சில நூறு ரூபாய். அதைப் போய்த் தொடுவதற்குத்தான் பல ஆயிரம். முந்தின வருடம் கிளட்ச் பிளேட் மாற்றப் பிரித்தபோதே சீலையும் மாற்றியிருக்கலாம். கசியாததை எதுக்கு மாத்தணும் என்று விட்டுவிட்டோம்.

அப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். செலவழிக்கப் பணமில்லை, விற்கத்தான் வண்டி இருந்தது. தரகர் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு குச்சியச் சீவி அடிச்சு மேல எம்சீல் வச்சிரு. சேத்துல ஓட்டுறப்ப எல்லாரும் அடைக்கிறதுதானே."

அவர் சொன்னதில் பாதி உண்மை. சேற்றுழவின்போது தண்ணீர் கிளட்சுக்குள் ஏறாமலிருக்கத் துளையை அடைப்பதுண்டு. பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் ஆற்றைக் கடக்கும் முன் திருகுவதற்கென்றே ஓர் அடைப்பான் இருந்தது. ஆனால் கரையேறியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். அடைப்பது தவறில்லை. எதற்காக அடைக்கிறோம், எப்போது திறக்கப்போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் திறப்பதற்காக அடைக்கவில்லை.

வாங்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் நகையை அடகு வைத்திருப்பதாகச் சொன்னான். குனிந்து அடியில் பார்த்தான். காய்ந்திருந்தது. "கிளட்ச் எப்படிண்ணே?" என்று கேட்டான்.

"போன வருஷம்தான் தம்பி புது பிளேட் போட்டோம்" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் சட்டம் படித்தவன். இரண்டு வருடம் ஜூனியராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அன்று இரவு தூக்கம் வராமல் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்தேன். பிரிவு 17. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. உதாரணத்துக்கு ஒரு குதிரை. நோயுள்ளது என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், எதுவும் சொல்லவில்லை. மோசடி இல்லை. படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த உதாரணத்தில் அதே குதிரையை வாங்குவது அவனுடைய மகள், அப்போதுதான் மேஜர் ஆனவள். அந்த உறவினால் சொல்லியாக வேண்டும். அதற்கடுத்ததில், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்கிறான், விற்பவன் வாய் திறக்கவில்லை. அங்கே மௌனமே பேச்சுக்குச் சமம். இதற்கெல்லாம் முன்னால், மோசடியின் வகைகளில் இரண்டாவதாக, ஒன்றைத் தெரிந்தே முனைந்து மறைப்பது என்று இருக்கிறது. என் குச்சியும் எம்சீலும் அந்த வரிக்குள் கச்சிதமாகப் பொருந்தின.

இந்தச் சண்டை பழையது. கிமு 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள் பற்றி' நூலில் ஒரு தானிய வணிகர் வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். இவர் கப்பல் முதலில் வந்துவிட்டது. பின்னால் வேறு கப்பல்கள் வருவது இவருக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? பாபிலோன் டயோஜெனஸ் என்ற தத்துவவாதி, சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குபவனுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கக் கூடாது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். நம் ஒப்பந்தச் சட்டம் வணிகர் விஷயத்தில் ஆசிரியர் பக்கம். விலை மாறப்போவது தனக்குத் தெரிந்தாலும் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று அதே பிரிவின் கடைசி உதாரணத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

யார் சரி என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சந்தையே நடக்காது என்ற டயோஜெனஸின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் டயோஜெனஸும் எனக்கு உதவ மாட்டார். சொட்ட விட்டுவிட்டு நான் சும்மா இருந்திருந்தால் அது மௌனம். அவன் குனிந்து பார்த்திருப்பான், விரலில் தொட்டிருப்பான், பேரம் பேசியிருப்பான். வண்டி தனக்காகத் தானே பேசியிருக்கும். நான் என் வாயை மட்டும் மூடவில்லை, வண்டியின் வாயையும் மூடினேன். அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு தகவலை அல்ல, அவனாகவே கண்டுபிடிக்கும் வழியை.

இன்னொன்றும் உண்டு. குச்சி வெறுமனே மறைக்கவில்லை, கெடுத்துக்கொண்டும் இருந்தது. துளை திறந்திருந்தால் கசிவு தரையைத்தான் நனைக்கும். அடைத்தால் உள்ளே தேங்கி மெல்ல பிளேட்டில் ஏறும். பிறகு பாரம் இழுக்கும்போது இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அது நடக்கும் நாளில் அவன் தன் வயலின் நடுவே நிற்பான்.

மூன்றாம் நாள் போன் செய்து வரச்சொன்னேன். அவன் முன்னாலேயே அடியில் படுத்துக் குச்சியைப் பிடுங்கினேன். தேங்கியிருந்த கறுப்பு எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. அவன் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சீல் மாற்றும் செலவைக் கழித்து ஒரு விலை பேசினோம். அந்தக் குறைவு ஆஸ்பத்திரிக் கணக்கில் தெரிந்தது, சித்தப்பாவிடம் கடன் வாங்கிக் கட்டினேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கிளம்பும்போது அவன் திரும்பிக் கேட்டான்: "போன வருஷம் புது பிளேட் போட்டோம்னு சொன்னீங்களே, அது நெசமாண்ணே?"

அது நிஜம். நான் அவனிடம் சொன்ன ஒரே நிஜம். அதை வைத்துத்தான் மற்றதை மறைத்திருந்தேன். பில்லைக் காட்டுகிறேன் என்று உள்ளே போய் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பில் கிடைக்கவில்லை.