கலனும் கடமையும்

பொருளை உடைமையாகக் கொள்வது வேறு; அதனோடு வாழ்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்த ஒரு தேநீர்க் கிண்ணமே போதும்.

ஜப்பானியத் தேநீர்க் கலன்களை விரும்பிச் சேர்ப்போர் இன்று நம்மவரிடையேயும் உளர். அவற்றுள் பல, கண்ணாடி அலமாரியை விட்டு வெளிவருவதே இல்லை. உடைந்துவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம். விலையைப் பற்றிய பெருமிதம் மறுபுறம். 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அதனைப் பயிலும் நாம், தேநீரையே காணாத தேநீர்க் கிண்ணத்தை என்னென்று சொல்வது?

ஆயினும், செனாவாங் போன்ற ஊரில் இவ்வினா இத்துடன் முடிவதில்லை. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர் இது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை அமைக்க, ஜப்பானியப் படையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் இரையானோர் எண்ணிலர். அத்தோட்டங்களின் வழிவந்தோர் ஜப்பானியக் கிண்ணத்தைக் கையில் ஏந்துவது தகுமா? இக்கேள்வியைப் பழங்கதை என்று ஒதுக்குதல் அறமன்று.

விடை அக்கிண்ணத்திடமே உள்ளது. தேநீர் அன்பரிடையே பெரும்புகழ் பெற்றவை ஹாகி நகரக் கலன்கள். அவற்றைத் தொடங்கி வைத்தோர் ஜப்பானியர் அல்லர்; கொரியக் குயவர். 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி கொரியாமீது நடத்திய படையெடுப்புகளின்போது கடல்கடந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். தம் மண்ணை இழந்த கைகள் அந்நிய மண்ணைப் பிசைந்தன. அக்கைகளுக்கும், சயாமில் தண்டவாளம் சுமந்த கைகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு இடைவெளி, துயரமோ ஒன்றே. கொடுமை செய்தவர்மீதுள்ள சினத்தைக் கலன்மீது காட்டினால், அது குயவனை மீண்டும் ஒருமுறை தண்டிப்பதாகும். இன்று அக்கலையைத் தொடர்வோரும் படை நடத்தியவர் அல்லர்.

அக்கலன் மற்றொன்றையும் கற்பிக்கிறது. அதன் மெருகுப் பூச்சில் நுண்ணிய விரிசல்கள் உண்டு. நாள்தோறும் தேநீர் ஊறி ஊறி அதன் நிறம் மெல்ல மாறும். 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்பர் ஜப்பானியர். அலமாரியில் உறங்கும் கிண்ணத்திற்கு இம்மாற்றம் இல்லை. குயவன் தொடங்கிய பணியை அருந்துபவனே நிறைவு செய்கிறான். பால் கலவாத தேநீரே அதற்கு உகந்தது. அருந்தியபின் கழுவி நன்கு உலர்த்தல் வேண்டும். இச்சிறு பேணுதலும் நன்றியின் ஒரு வடிவமே.

பயன்படுத்தினால் உடையாதோ எனலாம். உடையலாம், அது மண்ணின் இயல்பு. உடையும் என்று அறிந்து ஏந்தும் கையிலேதான் கவனம் பிறக்கிறது.

ஆகவே, கிண்ணத்தை வெளியே எடுப்போம். தேநீர் ஊற்றி அருந்துவோம். அருகிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொரியக் குயவரைப் பற்றியும், சயாமுக்குச் சென்று திரும்பாத நம்மவரைப் பற்றியும் சொல்வோம். பூட்டி வைத்த கலனும் பேசப்படாத வரலாறும் ஒரே அலமாரியில்தான் தூசி படிந்து கிடக்கின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே திறப்பதே நம் கடமை.